கையோடு வந்த இங்கிலீஷ்

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஒரு காருக்குள் ஓடும் ஒயர்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டால் படர்ந்த கொடி மாதிரி இருக்கும். அதன் ஒரு கிளை நுனியில் இருக்கிற பிளாஸ்டிக் கனெக்டருக்குள் ஒயர்களைச் செருகுவது என் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும்.

நாற்பதைத் தாண்டியதும் குதிகால் வலி வந்துவிட்டது. காலையில் எழுந்து முதல் அடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் லைனின் கடைசியில் ஒரு மேசையும் நாற்காலியும் உண்டு. முடிந்த கட்டுகளை உட்கார்ந்தபடி பார்த்துச் சரி சொல்லும் இடம். அங்கே இருந்த பெண் கல்யாணமாகி ஊருக்குப் போனதும் நாற்காலி காலியானது. என் கண் அதன்மேலேயே இருந்தது. வாய் திறந்து கேட்கத்தான் இல்லை. பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டால்கூட, நிறுத்தச் சொல்லாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

ஒருநாள் சூப்பர்வைசரே வந்தார்.

"அக்கா, கஸ்டமர் கம்பெனிலேர்ந்து ஆளுங்க வராங்க. லைனுக்கு ஒருத்தர் அவங்க வேலைய இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டணும். நம்ம லைனுக்கு நீங்கதான்."

"நான் பத்தாவதுதான் சார்."

"தெரியும்க்கா. மேல படிச்சவங்கள எல்லாம் கேட்டுட்டேன். அன்னிக்கி லீவுன்றாங்க. நீங்கதான் லீவே போட மாட்டீங்க. நல்லா சொல்லிட்டீங்கன்னா அந்தச் சேர் உங்களுக்குத்தான். அங்க ஒக்கார்றவங்க கஸ்டமர்கிட்ட போன்ல பேச வேண்டி வரும் இல்ல?"

என் இடத்துக்கு மேலே படங்களோடு ஒரு அட்டை தொங்கும். இங்கிலீஷ் மேலே, தமிழ் கீழே. இத்தனை வருஷமாகக் கீழே மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது மேலே பார்த்தேன். "புஷ் தி டெர்மினல் இன் அன்டில் யூ ஹியர் தி க்ளிக்." டெர்மினல் என்பது ஒயர் நுனியில் இருக்கிற சின்ன உலோக முனை. "புல் இட் பேக் லைட்லி பிஃபோர் யூ லெட் கோ." "இஃப் தி லேம்ப் டஸ் நாட் கம் ஆன், புட் தி ஹார்னஸ் இன் தி ரெட் பின்." ஹார்னஸ்தான் ஒயர் கட்டு, லேம்ப் என்பது ஒயர் சரியாகச் சேர்ந்தால் எரியும் விளக்கு, ரெட் பின் என்பது பழுதானதைப் போடும் சிவப்புப் பெட்டி.

பெரிய வார்த்தைகள் சீக்கிரம் வந்துவிட்டன. இந்த இன், ஆன், பேக், அவுட் என்ற பொடிசுகள்தான் உயிரை எடுத்தன. அவை இடம் மாறி மாறி உட்கார்ந்தன. இரவெல்லாம் மனப்பாடம் செய்ததைக் காலை பஸ்ஸில் சொல்லிப் பார்த்தால் புஷ் அப் என்கிறேன், கம் இன் என்கிறேன்.

பக்கத்து சீட்டில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி வருவாள். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். லைனிலும் எனக்கு அடுத்த இடம் அவளுக்கு.

"என்னக்கா, தனியாப் பேசுதீங்க?" என்றாள்.

பின் சீட்டில் சுங்குவார்சத்திரத்துக்காரி. சும்மா இருப்பாளா? "அக்காவுக்கு இன்னாமோ புடிச்சிக்கீதுடி. வேப்பிலை எடுத்தாரவா?"

வழி கிடைத்தது வேலையில்தான். ஒருநாள் ஒயரைச் செருகிக்கொண்டே முணுமுணுத்தேன். புஷ் என்றபோது கை தள்ளியது. இன் என்றபோது முனை உள்ளே போயிருந்தது. அன்டில் என்றபோது விரல் காத்திருந்தது. பிறகு காதில் க்ளிக். எதுவும் இடம் மாறவில்லை. தமிழில் நாம் "சத்தம் கேட்கும் வரை தள்ளு" என்போம். சத்தத்தை முதலில் சொல்லி, தள்ளுவதைக் கடைசியில் சொல்வோம். இங்கிலீஷில் முதலில் தள்ளிவிட்டுத்தான் எதுவரை என்று சொல்கிறார்கள். கை செய்கிற வரிசையும் அதுதான். அந்தப் பொடிசுகளும் நமக்குப் புதிதில்லை. எடுத்து வை, எடுத்துக்கொள், எடுத்து விடு என்று நாமும் ஒரே எடுப்பதை எத்தனை விதமாகத் திருப்புகிறோம். யாரும் உட்கார்ந்து படித்ததில்லை, கை வேலையோடு சேர்ந்தே வந்தது.

அதன்பிறகு பஸ்ஸில் பேனாவும் மூடியும் வைத்துக்கொண்டேன். புஷ், இன், அன்டில், க்ளிக். இஃப் தி லேம்ப் என்றால் பேனா போய்ச் சாப்பாட்டுப் பையில் விழும், அதுதான் சிவப்புப் பெட்டி.

"இன்னாக்கா, இன்னிக்கும் அந்த மூடிக்கு ஊசி போட்டுக்கினே வரப்போறியா? பாவம், வுட்டுடு," என்பாள் பின் சீட்டுக்காரி.

அந்த நாள் வந்தது. தரையைத் துடைத்து, எல்லோருக்கும் புதுத் தொப்பி கொடுத்தார்கள். விருந்தாளிகள் உள்ளே நுழைந்ததும் லைனை நிறுத்தினார்கள். "எல்லாரும் கைய பின்னாடி கட்டிக்கிட்டு நில்லுங்க. பாக்க நீட்டா இருக்கணும்," என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நானும் கட்டிக்கொண்டேன்.

மேனேஜரோடு உயரமான ஒரு அம்மாள் என் எதிரில் வந்து நின்றார். சூப்பர்வைசர் தலையசைத்தார்.

"திஸ் இஸ் மை ஸ்டேஷன்," என்றேன். "புஷ்..."

அவ்வளவுதான். எதைத் தள்ள, எங்கே தள்ள, எதுவரை? ஒன்றும் இல்லை. முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. அந்த அம்மாள் பொறுமையாகச் சிரித்தார். காலி நாற்காலி தூரத்தில் தெரிந்தது.

"அக்கா, கை!" என்று பக்கத்திலிருந்து ரகசியக் குரல். "கையை எடுங்கக்கா!"

எடுத்தேன். ஒயரை ஒரு கையிலும் கனெக்டரை ஒரு கையிலும் பிடித்ததுதான் தெரியும். தள்ளினேன், சத்தம் கேட்டது, இழுத்துப் பார்த்தேன், சிவப்புப் பெட்டியைக் காட்டினேன். வாய் கையின் பின்னாலேயே வந்துவிட்டது.

அந்த அம்மாள் அட்டையில் இல்லாத ஒன்றைக் கேட்டார். க்ளிக் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. நான் யோசிப்பதற்குள் கை இன்னொரு ஒயரைப் பாதி செருகி வெளியே உருவியிருந்தது.

"ஐ புல் இட் அவுட். ஐ லுக் அட் இட். இஃப் இட் இஸ் பென்ட், ரெட் பின். இஃப் நாட், ஐ புஷ் இட் இன் அகைன்."

அவர் என்னிடம் ஒரு ஒயரை வாங்கித் தானே செருகிப் பார்த்தார். க்ளிக் வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

அவர்கள் போன பிறகு சூப்பர்வைசர் ஓடி வந்தார். "சூப்பர்க்கா! மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். இனிமே எந்த விசிட்டர் வந்தாலும் இந்த ஸ்டேஷன்தான், நீங்கதான். நீங்க இங்கயே நில்லுங்க. சேருக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினார். குதிகால் சுருக்கென்றது. "சார், எனக்கு அந்த நாற்காலி வேணும்" என்று கேட்கத்தான் நினைத்தேன். தமிழில் கேட்டால் அது கெஞ்சுவதாகிவிடும் என்று ஒரு கூச்சம். கையில் இன்னும் அந்த ஒயர் இருந்தது.

"சார்," என்றேன். "இஃப் யூ கிவ் மீ தி சேர், ஐ வில் கம் ஹியர் வென் விசிட்டர்ஸ் கம்."

அவர் நின்றார். "இது எந்த அட்டைலக்கா இருக்கு?"

"எதுலயும் இல்ல சார்."

லைனே சிரித்தது. எதிர் வரிசையிலிருந்து பின் சீட்டுக்காரியின் குரல்: "சார், அக்காவுக்கு சேர் குடுத்துடு. இல்லாங்காட்டி நாங்க எல்லாரும் இங்கிலீஷ்ல பேச ஆரமிச்சிருவோம்!"

"ஐயோ, வேணாம்மா!" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது நான் உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன். விருந்தாளிகள் வந்தால் எழுந்து போய்ச் சொல்லிக் காட்டிவிட்டு வருகிறேன். கஸ்டமர் போன் வந்தால் ஒரு கையில் போன், இன்னொரு கையில் கனெக்டர். அதற்காகவே, சிவப்புப் பெட்டிக்குப் போகவேண்டிய பழுதான கனெக்டர் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அதைக் கேட்டது தமிழில்தான்.