தேக்கு மண்டபத்தின் நான்கு குழிகள்

மார்ச் பதினொன்றாம் தேதி தேக்கு மண்டபம் எரிந்தது. அதற்கு எதிர்க்கடையில் மாயக்காள், பாய் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்த பிரியாணி அண்டாவை விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்கிறார். வாடகைக்குப் போய்த் திரும்பும் எந்தப் பாத்திரத்தையும் இப்படிக் கேட்காமல் வாங்குவதில்லை. "கீறல் விட்டிருக்கு பாய். இனிமே இதுல ஊத்துறத அடுப்புதேன் குடிக்கும்."

கோரிப்பாளையத்துக்கு வடக்கே, குறுக்குத் தெருவில் பாத்திர வாடகைக் கடை. பந்தலும் போடுவார். வயது ஐம்பதுக்கு மேல். இடுப்பில் சாவிக்கொத்து, குரலில் ஒலிபெருக்கி.

மண்டபத்துக்கு நூறு வயதுக்கு மேல். சித்திரைத் திருவிழாவில் அழகர் பல்லக்கு அங்கே நின்று, தீபாராதனை ஆனதும் கிளம்பும். மின்கசிவு என்றார்கள், ஒரே மதியத்தில் போய்விட்டது. மிஞ்சியவை கல்தளமும் தூண்கள் நின்ற நான்கு குழிகளும்.

மண்டபமே இல்லாத இடத்தில் பல்லக்கு எதற்கு நிற்கும் என்று தெரு தயங்கியது. மாயக்காள் தயங்கவில்லை. "ஒரு வருசம் தாண்டிப் போயிட்டாருன்னா, பெறகு எப்பவும் தாண்டித்தேன் போவாரு. நான் பந்தல் போடுறேன்."

கீற்று வேண்டாம், தகரம் என்றார். அதே குழிகளில் சவுக்குக் கம்பங்களை நட்டார். தேக்குத் தூணுக்கு வெட்டிய குழியில் சவுக்கு ஆடியது. சுற்றிலும் கருங்கல் சில்லுகளை அடித்து இறுக்கினார்.

தொழில் பழக்கம்தான் காலை வாரியது. கை தானாகக் கல்யாணப் பந்தலின் உயரத்துக்கே போட்டுவிட்டது. அவரிடம் வேலை பார்க்கும், கொழுந்தன் முறையான நல்லகாமன் அண்ணாந்து பார்த்தார்.

"மதினி, மாப்பிள்ளைன்னா குனிஞ்சு வருவாரு. அழகர் குடை குனியுமா?"

"அம்புட்டையும் பிரிங்க கொழுந்தனாரே. வாய் வேல செய்யுதுல்ல, கையும் செய்யட்டும்."

பிரித்து, இரண்டு முழம் உயர்த்தினார்கள். கயிறு கட்டிக்கொண்டே நல்லகாமன் கேட்டார்: "நிக்காமப் போயிட்டாருன்னா இம்புட்டும் வீண்தான?"

"நிக்கிறவருக்குக் குடை இடிக்கக் கூடாதுன்னுதேன் ஒசத்துறேன். முடிச்ச இறுக்குங்க."

இன்று காலை வேலை முடிந்ததும் கடையின் நீளமான பெஞ்சை நான்கு ஆட்களின் தோளில் ஏற்றினார். தன் குடையை விரித்து மூங்கில் நுனியில் கட்டி, தானே உயர்த்திப் பிடித்துப் பக்கத்தில் நடந்தார். தகரத்தில் உரசவில்லை. போதும் என்று ஆட்கள் மறுபக்கம் போகப் பார்த்தார்கள். மாயக்காள் நடுத்தளத்தில் கையை நீட்டி மறித்தார். ஒரு சூடம் எரிந்து அணையும் நேரம், வெறும் பெஞ்சோடு அவர்களை அங்கேயே நிறுத்தி வைத்தார்.

பல்லக்கு நாளை காலை இந்தத் தெருவுக்குள் வருகிறது.