நாலு குவளை வெந்நீர்

ஆயத்த ஆடை ஆலையில் 'மடிப்பக்கா' என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாகச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அவள் தேய்த்த மடிப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் கோணல் இருக்காது. வாயும் அப்படித்தான், வளைந்து கொடுக்காது. சூப்பர்வைசரே கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஒரு வருஷமாக அவளுடைய வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடந்தன. சொன்னால் மேஜையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று மூச்சு விடவில்லை. இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் தெளித்து, 'சொய்' என்ற சத்தத்தை வைத்தே சூட்டைக் கணக்குப் போட்டுக் காலம் தள்ளினாள்.

வீட்டிலோ புருஷன். பெயிண்டர். எட்டு மாசத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதற்கு அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். நம்பவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் கால் பெருவிரலை அழுத்திப் பார்ப்பாள்.

"ஏதாச்சும் தெரியுதாங்க?"

"என் காலு சம்பளமில்லாத லீவுல போயிருக்கு. நீ போய் உன் வேலையப் பாரு."

அவர் சிரிப்பார். அந்தக் கால் ஒரே ஒரு தடவை அசைந்தால் போதும், வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் குளியலறையில் நாற்காலியில் உட்காரவைத்தாள். வெந்நீரை வாளியில் ஊற்றிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நின்றுபோயிருந்தது. பானையில் இருந்த கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்து, விரலை நனைத்துப் பார்த்தாள். இதமாகத்தான் இருந்தது. ஒரு குவளை மொண்டு வலது காலில் ஊற்றினாள்.

முழங்கால் வெடுக்கென்று மேலே எழும்பியது.

"ஐயோ, என்னங்க! அசைஞ்சுதுங்க!"

அவர் தன் காலையே பார்த்தார். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. "இன்னொரு தடவை ஊத்து."

ஊற்றினாள். எழும்பியது. மூன்றாவது குவளை, நாலாவது குவளை. ஒவ்வொரு தடவையும் கால் துள்ள, இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தார்கள். துண்டால் துடைத்தபோதுதான் தோல் துண்டோடு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். வெந்நீரில் நனைத்துப் பார்த்த அவள் விரலில் ஊசியால் குத்திப் பார்த்தார். அவள் முகம் மாறவே இல்லை.

"சூடு பட்டா யோசிச்சாம்மா கையை எடுக்கறோம்? சேதி முதுகுத்தண்டுக்குப் போகும், அங்கேருந்தே உத்தரவு வந்துடும். மூளைக்கு அப்புறம்தான் தெரியும். இவருக்கு மூளைக்குப் போற வழிதான் அறுந்திருக்கு. கீழே இருக்கற நரம்பு உயிரோடதான் இருக்கு. அவருக்கு வலிக்கல, ஆனா கால் தப்பிச்சு ஓடப் பாத்திருக்கு."

அவளுக்கு எல்லாம் புரிந்தது. ஓடப் பார்த்த காலைத் துரத்தித் துரத்திச் சுட்டிருக்கிறாள். இனி இந்தக் கால் நடக்காது என்பதும் அன்றைக்குத்தான் அவள் மண்டையில் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாள். மறுநாள் அவள் கட்டுப் பிரித்து மருந்து போட்டு முடித்தபோது அவர் மெல்லக் கூப்பிட்டார்.

"நான் ஒண்ணு கேப்பேன், திட்டக்கூடாது."

"சொல்லுங்க."

"இடது காலையும் ஒரு தடவை பாத்துடலாமா?"

அவர் சிரிக்கவில்லை. எரிந்து விழுந்திருக்க வேண்டியவள், ஒரு கணம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. "பேசாம படுங்க" என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.