விட்டதா, விட்டுப்போனதா?

கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரித் தெருவை ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சீட்டு பிடித்து ஆட்டியது. பெரியவர்கள் ஆடும் சீட்டு இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் பாக்கெட் பாக்கெட்டாக விற்ற, பூதங்களும் பறவைகளும் அச்சிட்ட சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பொடி ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு சக்தி எழுதியிருக்கும். அதைச் சேர்ப்பது, மாற்றிக்கொள்வது, கடைசியில் அதை வைத்துச் சண்டை போடுவது. எனக்குப் பத்து வயது.

எங்கள் தெரு கிளப்புக்காரர்கள் தங்கள் மாடி ஹாலில் போட்டி வைத்தபோது நடுவராக என் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நாளும் அந்தச் சீட்டை ஆடியதில்லை. எர்ணாகுளத்தில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை. பாக்கெட்டுக்குள் மடித்து வைத்திருந்த விதித்தாளைக் கடைசி வரி வரை வாசித்தவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான் என்பதே அவருடைய தகுதி. பிள்ளைகள் அவரை 'அம்பயர் சேட்டன்', அதாவது அம்பயர் அண்ணன், என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்த வழக்குகளில் பாதி மறதி வழக்குதான். ஒரு சீட்டு, முறை வரும்போதெல்லாம் இன்னொரு சீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும். ஆடுகிறவன் மறந்துவிடுவான். எதிராளி ஆடி முடித்த பிறகு ஞாபகம் வந்து அலறுவான்.

"சேட்டா, மறந்நுபோயி சேட்டா!"

"மறந்நா போயி, மோனே. அடுத்த தவண ஓர்த்தோ" என்பார் சித்தப்பா. மறந்தால் போச்சு, அடுத்த முறை ஞாபகம் வைத்துக்கொள் என்று அர்த்தம். நமக்கு லாபமானதை நாம் மறந்தால் அது நம் பாடு. எதிராளி ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் சில சீட்டுகள் வைத்திருப்பவனையே கடிக்கும். என்னிடம் இருந்த கடல் பூதம் அப்படிப்பட்டது. அதைப்போல் அடிக்கும் சீட்டு வேறு கிடையாது. பதிலுக்கு, என் முறை வரும்போதெல்லாம் என் உயிரில் ஒன்றை நானே எடுத்து வைக்க வேண்டும். உயிருக்குக் கேரம் காய்களை அடுக்கியிருந்தோம். இந்த மாதிரி நஷ்டத்தை மறந்தால் விதி வேறு. உண்மையிலேயே மறந்திருந்தால் இப்போது எடுத்து வைத்துவிட்டு, ஓர் எச்சரிக்கையோடு ஆட்டத்தைத் தொடரலாம். தெரிந்தே விட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

கடைசி ஆட்டம் எனக்கும் பப்படக் கடை வீட்டுப் பையனுக்கும். அவன் ஒன்பதாம் வகுப்பு. ஜெயிப்பவரை ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்தில் நடக்கும் பெரிய போட்டிக்கு அழைத்துப்போவார்கள். படகில் அக்கரைக்குப் போய் ஆடுவதை நினைத்து நினைத்து நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஜெயித்தால் அனுப்புகிறேன் என்று அம்மாவும், நான் எங்கே ஜெயிக்கப்போகிறேன் என்ற தைரியத்தில், சொல்லியிருந்தாள்.

என் உயிரில் கொஞ்சம் காய்களே மிச்சமிருந்தன. என் முறை வந்தது. சீட்டு எடுத்தேன், பூதத்தை விட்டு அடித்தேன். அவன் பதிலுக்கு ஆடினான். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்: "அவள் காயின் எடுத்தில்லல்லோ!"

குனிந்து பார்த்தேன். காய்கள் அப்படியே இருந்தன. ஒன்றையும் நான் எடுத்து வைக்கவில்லை.

"எந்தா எடுக்காஞ்ஞே?" ஏன் எடுக்கவில்லை என்றுதான் கேட்டான் அந்தப் பையன். கோபமாகக்கூட இல்லை.

"ஞான் விட்டு" என்றேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் தமிழ். டிக்டேஷனில் ஒரு வார்த்தை தவறினால் "விட்டுட்டேம்மா" என்போம். இறங்க வேண்டிய ஸ்டாப் தவறினாலும் அதுதான். அதையே நான் மலையாளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மலையாளத்தில் நழுவிப்போனதற்கு 'விட்டுப்போயி' என்று சொல்ல வேண்டும். வெறும் 'விட்டு' என்றால் நானாகப் பார்த்து விட்டுவிட்டேன் என்றாகிவிடும். ஒரு 'போயி'தான் வித்தியாசம். ஹால் முழுக்க 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது. நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை.

சித்தப்பா வந்தார். விதித்தாளைப் பிரித்தார், மறுபடி மடித்தார். என்னைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி மலையாளத்தில் கேட்டார்.

"விட்டதோ, விட்டுப்போயதோ?"

அவர் அதற்குமுன் என்னிடம் மலையாளத்தில் பேசியதே இல்லை. யாரோ ஒருவர் சித்தப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் போல இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானே சித்தப்பா?" என்றேன், தமிழில்.

எல்லோரும் சிரித்தார்கள். "சித்தப்பனாணல்லோ! இனி எந்து விதி, எந்து களி!" என்று ஒருவன் கத்தினான். நடுவரே சித்தப்பா, இனி என்ன விதி, என்ன ஆட்டம் என்று. தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற வார்த்தை எங்கிருந்தோ வந்தது. சித்தப்பா திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் காய்களையே பார்த்தேன். பிறகு அவர் சொன்னார்: "அவள் விட்டு எந்நாணு பறஞ்ஞது. களி கழிஞ்ஞு."

அவள் சொன்னது அதுதான், ஆட்டம் முடிந்தது. பப்படக் கடைப் பையன் என் பக்கம் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா சாயாவுக்கு வந்தபோது அம்மா தயாராக இருந்தாள்.

"பிள்ளைக்கு மலையாளம் பிசகிப்போச்சு, எங்க வீட்டுல அப்படித்தான் பேசுவோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வாய் வலிச்சிருக்குமா?"

"சொல்லியிருக்கலாம் அண்ணி. ஆனா அது மறந்ததா, விட்டதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் அவகிட்டயே கேட்டேன்."

"அண்ணன் பொண்ணு மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லுங்க."

"அங்க நான் அவ சித்தப்பா இல்லையே அண்ணி."

"அப்ப இங்க உக்காந்து பழம்பொரி தின்றது யாரு? அம்பயரா?"

சித்தப்பா சிரித்துவிட்டார். அப்பாவும் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பா ஊர் முன்னால் என்னைக் கள்ளி என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான் என் கணக்கு. பள்ளி திறக்கும் வரை அவரோடு பேசவில்லை. மலையாளத்தை மட்டும் திருத்திக்கொண்டேன். 'விட்டுப்போயி' என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினேன். அந்த ஒரு சொல் கையில் இருந்திருந்தால் எர்ணாகுளம் போயிருப்பேன் என்று வெகுகாலம் நம்பினேன்.

நான் மறந்தேனா? மறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். எதையும் இரண்டு தடவை பூட்டிப் பார்க்கிற சுபாவம் எனக்கு, அதனால் இதையும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். பூதத்தை அடிக்க விடும் அவசரம் ஞாபகம் இருக்கிறது. காய்கள் கண்ணில் பட்ட ஞாபகம் இல்லை. அதற்குமேல் ஒன்றும் கிடைப்பதில்லை.

இப்போது என் மகள் பள்ளியிலிருந்து வந்து "டைரி எழுத மறந்துட்டேம்மா" என்கிறாள். "மறந்தியா?" என்று கேட்கிறேன். கேட்கும்போதே என் குரலில் பதில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவள் முகம் சுருங்குகிறது. நல்ல அம்மாக்கள் இதை எப்படிக் கேட்பார்கள் என்று ராத்திரி யோசிக்கிறேன்.

சித்தப்பா அன்று எப்படிக் கேட்டார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. குரலில் கோபம் இல்லை, செல்லமும் இல்லை. இரண்டு பதிலுக்கும் சமமாக இடம் விட்டிருந்தார். விட்டுப்போச்சு சித்தப்பா என்று நான் எந்த மொழியில் சொல்லியிருந்தாலும், ஹால் என்ன கத்தினாலும், ஒரு காயை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரவிட்டிருப்பார். அதற்காகத்தான் அவ்வளவு நேரம் நின்றார்.

எனக்கு அது எட்டவில்லை. அதுவரை பெரியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அவர்களிடமே இருந்தது. ஒரு பெரியவர், இத்தனை பேர் பார்க்க, தனக்குத் தெரியவில்லை என்பதால் மட்டுமே ஒரு குழந்தையிடம் கேட்பார் என்பது பத்து வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.