கழியாத சாக்கு எடை

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, புரோகிராம் எழுதும் அக்கா, மசாலா சாமான்களை மொத்தமாக விற்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி, பிறகு நான். ஐந்தாவதாக ஒரு ஆளைச் சேர்ப்பதென்றால், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் மேசைமேல் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரைச் சொல்லலாம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் முதலாளி பிற்பாடு கோயில் வாசலிலும் கல்யாண வீடுகளிலும் இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம், அறையில் நான் ஒருவன் மட்டுமே இருந்ததுபோலத்தான் சொன்னார்.

எண்பதுகளின் கடைசி. பினாங்கு ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் ஒரு பழைய கடைவீட்டு மாடி. கீழே கேசட் கடை. காலையில் கடைக்காரன் பாட்டைப் போட்டால் எங்கள் தரைப்பலகை அதிரும், அந்த அதிர்வில் மெஷினுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மேசையைப் பிடித்துக்கொள்வேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாயான் பாருவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது முதல் வரிசையிலேயே வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இங்கே. கூட்டுவது, கடிதம் டைப் அடித்துக் கொடுப்பது, அக்கா சொல்கிற கோப்புகளைப் பிளாப்பியில் நகல் எடுப்பது. சாயந்திரம் படியிறங்கிப் பாதி வழி வந்தபின் மறுபடி ஏறிப்போய் மின்விசிறியை அணைத்தேனா என்று பார்ப்பது. இந்தப் பழக்கம் கடைசிவரை என்னைவிட்டுப் போகவில்லை.

சம்பளம் இருநூற்று எண்பது வெள்ளி. மூன்று மாதமாக வரவில்லை. கேட்டால், "நானா வேலை முடியட்டும்டா. மொத்தமா எண்ணி வைக்கிறேன். நான் எங்க ஓடிறப்போறேன்?" என்பார்.

அப்போது நானும் மனைவியும் ஆயர் ஈத்தாமில் அவள் அண்ணன் வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டிருந்தோம். பாயான் பாரு பக்கம் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் எங்கள் பெயர் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அவள் அந்த வீட்டு ஜன்னலுக்குத் துணிகூடப் பார்த்து வைத்துவிட்டாள். மூன்று மாதச் சம்பளம் வந்தால் முன்பணம் சரியாக இருக்கும். அது நானா கொடுக்கும் பணத்தில் இருந்தது. நானாவின் பணம் அந்த மெஷினுக்குள் இருந்தது.

நானா தன் கடைக்கு பில் போடும் புரோகிராம் ஒன்று கேட்டிருந்தார், பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. காய்ந்த மிளகாயும் கொத்தமல்லியும் சாக்கோடு நிறுக்கப்படும். பில் போடும்போது சாக்கு எடையைக் கழித்துவிட்டு மீதிக்கு விலை போட வேண்டும். முதல் தடவை காட்டியபோது புரோகிராம் கழிக்கவில்லை. நானா கோபப்படவில்லை.

"இத மட்டும் சரி பண்ணிருங்க. தீவாளிக்கு முன்ன யாவாரம் கூடிடும். மீதிப் பணத்தக் கையில வச்சிடுறேன்" என்றார்.

"அரை நாள் வேலைதான் நானா" என்றார் அக்கா. அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வே கிளார்க்காக இருந்தவர். கோலாலம்பூரில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர். வீண் பேச்சு கிடையாது. அரை நாள் என்றால் அரை நாள்தான்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

அந்த மெஷினை முதலாளி ஒரு கம்பெனியில் பழசாக வாங்கியிருந்தார். அதை அணைக்கவே விடமாட்டார். அணைத்து அணைத்துப் போட்டால் சீக்கு வரும் என்பது அவர் கொள்கை. ஞாயிற்றுக்கிழமைகூட ஓடிக்கொண்டிருக்கும், திரையின் வெளிச்சத்தை மட்டும் குறைத்து வைப்போம். ஆனால் பூஜை என்றால் வேறு.

"லாரிக்காரன் லாரிய நிறுத்துறான், தையக்காரன் மெஷின நிறுத்துறான். நம்ம மட்டும் சாமிக்கு மேலயா?" என்று பிளக்கையே பிடுங்கினார். சந்தனம் வைத்தது நான்தான். பிளாப்பி போடும் வாயில் ஒரு துளி விழுந்துவிடக் கூடாது என்று காகிதம் வைத்து மறைத்து, ஒற்றை விரலால் தொட்டு வைத்தேன். மேலே மஞ்சள் துணி, ஒரு எலுமிச்சம்பழம்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்துத் திறந்தார். முதல் பட்டன் முதலாளி கையால்தான் தட்டப்பட வேண்டும், வேறு யாரும் முன்னால் நிற்கக் கூடாது. மெஷின் கீச்சென்று ஒரு தடவை கத்தியது. திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்து நின்றது. வாசலருகே இருந்த எனக்கு அது படிக்கும் தூரத்தில் இல்லை. கிட்டே நின்றிருந்தாலும் எவ்வளவு படித்திருப்பேன் என்பது வேறு விஷயம். அக்கா சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, அதுவும் சாமி கும்புடுது" என்று சிரித்தபடி முதலாளி ஒரு பட்டனைத் தட்டினார். வரிகள் போய்விட்டன. மெஷின் எப்போதும்போல ஓடியது.

அன்றே அக்கா சாக்கு எடையைக் கழிக்கும் வரியை எழுதினார். எழுதியதை மெஷின் புரிந்துகொள்ளும்படி கட்டுவதற்கு ஒரு கட்டளை உண்டு. புரோகிராம் பல துண்டுகளாக இருந்தது. எல்லாவற்றையும் கட்டினால் அந்தப் பழைய மெஷினுக்கு ஒரு முழு நாள் ஆகும் என்பதால், எதை மாற்றினோமோ அதை மட்டும் கட்டும்படி அக்கா அமைத்திருந்தார். அதற்கே கால் மணி நேரம் பிடிக்கும், நான் போய்க் கோப்பி வாங்கிவர நேரம் இருக்கும். அன்று அக்கா கட்டளை கொடுத்தார், நான் செருப்பு மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"பூஜை போட்டதும் எப்படிப் பறக்குது பாத்தீங்களா!" என்றார் முதலாளி.

ஓட்டிப் பார்த்தோம். சாக்கு எடை கழியவில்லை.

அக்கா கணக்கை மாற்றி எழுதினார். கழியவில்லை. வேறு பிளாப்பியில் எடுத்து ஓட்டினோம். அணைத்துத் திறந்தோம். அப்போதும் ஒரு தடவை கத்தியது, பூஜைக்குப் பிறகு அப்படித்தான் என்று முதலாளி மறுபடி ஒரு தட்டு. வைரஸ் இருக்கிறதா என்று தேடினோம். அந்த இடத்துக்கு மெஷின் வருகிறதா என்று தெரிந்துகொள்ள, 'வந்தேன்' என்று திரையில் காட்டும் ஒரு வரியை அக்கா நடுவில் சேர்த்தார். அதுவும் வரவில்லை. சரி, மெஷின் அந்தப் பக்கமே போகவில்லை, வேறு எங்கோதான் தவறு என்று நினைத்துப் புரோகிராமின் மறுகோடியில் தேடப் போய்விட்டார்.

நான் என் பங்குக்குக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "அக்கா, குங்குமம் உள்ள போயிருக்குமா? பழச்சாறு எறங்கியிருக்குமா? கீழ பாட்டுச் சத்தத்துல கெட்டிருக்குமா?"

"தம்பி, கொஞ்சம் வாய மூடிட்டு உக்காரு லா" என்றார். அக்கா அப்படிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இங்க கழித்தல் குறிதானே போட்டிருக்கேன்? நீ பாத்துச் சொல்லு" என்றார். என்னிடம் கேட்கும் அளவுக்குத் தன் கண்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பார்த்தேன். கழித்தல் குறிதான்.

கடைசியில் முதலாளியிடம் போனார். "எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லருந்து கட்டிப் பாக்கணும். ஒரு நாள் மெஷின் வேணும்."

"ஒரு நாளா? தீவாளி கார்டு அடிக்க ஆளு வரிசையா வருது. மெஷின உங்கிட்ட குடுத்துட்டு நான் ரோட்டுல கச்சாங் பூத்தே கடலை விக்கவா?"

அந்த ஒரு நாளைக் கொடுத்திருந்தால் தவறு எங்கே என்று தெரியாமலே சரியாகியிருக்கும். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது.

நானா வந்த நாள்தான் நான் முதலில் சொன்னது. இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போடலாம் என்று அக்கா சொன்னதை முதலாளி கேட்கவில்லை. நானா தன் கடையில் கையால் போட்ட பில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பத்துச் சாக்கு மிளகாய். அதே எண்களை நான் அடித்தேன். அச்சிட்டுக் கொடுத்தேன். நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, நான் மொளகா விக்கிறவன். சாக்கு விக்கல லா."

 முதலாளி என் பக்கம் திரும்பினார். "எல்லாம் இவனாலதான், நானா. ஸ்கூலு முடிக்காதவன். பாவம்னு வேலை குடுத்தேன், எதையோ தட்டிக் கெடுத்து வச்சிருக்கான்."

"தம்பி ஒண்ணும் பண்ணல" என்றார் அக்கா. நானாவுக்கு அது கேட்டது. முதலாளிக்கும் கேட்டது.

நானா தன் பில்லை மடித்துப் பையில் வைத்தார். "முன்பணத்தத் திருப்பிக் குடுத்துருங்க. அவசரமில்ல" என்று படியிறங்கினார். முதலாளி சமாதானம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினார்.

அக்கா குறிப்பாக எதையும் பார்க்க வேண்டும் என்றில்லாமல், கோப்புகளின் பட்டியலைத் திரையில் வரவழைத்தார். அவர் கை அப்படியே நின்றது. அன்று காலை மாற்றிய கோப்புக்கு நேரே, மெஷின் பல வருஷத்துக்கு முந்திய தேதியைப் போட்டிருந்தது.

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மெஷினுக்குள் தேதியைப் பிடித்துவைக்க ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அது என்றைக்கோ செத்திருக்கிறது. மெஷினை அணைத்ததே இல்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. பூஜைக்குப் பிளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விட்டது. அதைத்தான் கீச்சென்று கத்திச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அக்கா எழுதிய ஒவ்வொரு வரியும் பழைய தேதியில் பதிந்தது. எது புதிது என்று தேதியை வைத்துப் பார்க்கும் கட்டளை, முன்பு கட்டியதே புதிது என்று நினைத்து ஒன்றையும் கட்டாமல் திரும்பிவந்தது. அதனால்தான் அந்த வேகம். சாமியும் இல்லை, பூதமும் இல்லை.

தேதியைச் சரியாக அடித்து, அந்தத் துண்டைக் கட்டினார். கால் மணி நேரம் எடுத்தது. சாக்கு எடை கழிந்தது. 'வந்தேன்' என்று திரையில் வந்தது.

அச்சடித்த தாளோடு நானா கடைக்கு ஓடினேன். இரைக்க இரைக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தாளையும் பார்த்தார், கணக்குச் சரியாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"இன்னைக்கு தேதிய மறந்துச்சு. நாளைக்கு எத மறக்கும்? எங்க கணக்கப்புள்ளைக்கு வயசாச்சு, ஆனா இன்னைக்கு என்ன நாளுன்னு அவருக்குத் தெரியும். கோவிச்சுக்காத தம்பி. ஒரு கிளாஸ் தே குடிச்சிட்டுப் போ."

குடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா முதலாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கியது, கத்தியது, தட்டியது என்று வரிசையாக. முதலாளி கடைசிவரை கேட்டார்.

"அப்ப பூஜை போட்டதாலதான் கெட்டுச்சுன்னு சொல்றே. சாமியக் குத்தம் சொல்றே."

"நான் பேட்டரியச் சொல்றேன் அண்ணே."

"நீ என்னடா சொல்றே? சந்தனம் வச்சது நீதானே?"

 சாமிமேல் குற்றம் என்று சொல்ல என்னால் முடியுமா? அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் அந்த அறையில் யாரும் வாய் திறக்க முடியாதபடி பேச்சுக்கே கதவைச் சாத்திவிட்டார். அன்று முதல் கதை, சந்தனத்தை மெஷினுக்குள் விட்ட பையனின் கதையாகிவிட்டது.

அக்கா தீபாவளி முடிந்து சிங்கப்பூர் போனார். போகும்போது கடைத்தெருவில் தன் காசில் வாங்கிய புதிய பேட்டரியை மாட்டிவிட்டுத்தான் போனார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதலாளி அந்த மெஷினில் இன்னும் பல வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்தார். நானாவுக்கு முன்பணம் திரும்பிப் போனதா என்று தெரியாது.

மாதக் கடைசி வந்தது, போனது. வீடு அடுத்த பெயருக்குப் போயிற்று. ஜன்னல் துணி பார்த்த கடைப் பக்கம் மனைவி அப்புறம் போகவே இல்லை, சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போவாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தீபாவளிக்கு முந்தின நாள் முதலாளி என் சட்டைப்பையில் ஐம்பது வெள்ளியைத் திணித்து, "என்ன இருந்தாலும் நீ என் தம்பி மாதிரி" என்றார். அதைச் சம்பளத்தில்தான் வைத்துக்கொள்கிறேன், கழித்துவிட்டேன். மூன்று மாதம், மாதம் இருநூற்று எண்பது. அந்த ஐம்பது போக அவர் எனக்கு இன்னும் தரவேண்டியது எழுநூற்றுத் தொண்ணூறு வெள்ளி.