ஷாலினியின் கை மட்டும் நுழையும் இடம்

"ஆன்ட்டி, ஒங்க கையக் கொஞ்சம் காட்டுங்களேன்."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த ஷாலினி இப்படிக் கேட்டதும், கைரேகை பார்க்கப் போகிறாளோ என்று ஆசையாக நீட்டினேன். அவள் பையிலிருந்து எடுத்தது வெர்னியர் காலிப்பர்! வளையலைக் கழற்றச் சொன்னாள். கட்டைவிரலை மடக்கச் சொன்னாள். கையின் அகலத்தை அளந்துவிட்டு, "ம்ம்... சாதாரண கைதான்" என்றாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரையும் விடவில்லை. அவர் கையை அளந்ததும், "சூப்பர் அங்கிள், நல்ல பெரிய கை" என்று பாராட்டு வேறு. மனிதர் அன்று முழுக்கக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாலினி நாகர்கோவில் பெண். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, இங்கே திருவனந்தபுரத்தில் ராக்கெட் இன்ஜின் செய்யும் ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆரியசாலையில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். பக்கத்தில் அரிசி மண்டி, எதிரே வெல்ல மண்டி, மேலே ராக்கெட் – எங்கள் தெருவுக்கு வந்த வாழ்வு அப்படி.

ராக்கெட் வேலை என்றால் நாம் என்ன நினைப்போம்? கவுண்ட்டவுன், நெருப்பு, கைதட்டல்... அவள் பேச்சில் வருவதெல்லாம் குழாய், நட்டு, வாஷர், கசிவு. "முக்காவாசி பிளம்பிங்தான் ஆன்ட்டி" என்பாள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாகத்தைக் கம்ப்யூட்டரில் யார் வரைகிறார்களோ, அவர்களேதான் சோதனை மேடையில் அதைப் பூட்டியும் காட்ட வேண்டும். வரைந்து கொடுத்துவிட்டு ஏசியில் உட்கார முடியாது.

ஷாலினிக்குக் கிடைத்த முதல் வேலை, இன்ஜினைப் பற்றவைக்கும் இக்னைட்டருக்கு வாயு கொண்டுபோகும் ஒரு குழாய். கணக்கெல்லாம் கச்சிதம். பூட்டப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அதன் நட்டு, பெரிய குழாய்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு யார் கையும் உள்ளே நுழையவில்லை. கம்ப்யூட்டர் திரையில் குழாய் தெரியும், நட்டு தெரியும். கை தெரியாதே!

ஷாலினியின் கை மட்டும் நுழைந்தது. ஒல்லியான பெண், குழந்தைக்கு இருப்பது போன்ற கை.

அவளுடைய டீம் லீடர் பினு சார், மலையாளி. எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஷரியாகில்ல கேட்டோ. நாளெ நீ இல்லெங்கில் ஆரு முறுக்கும்?" என்றாராம். நாளைக்கு இவள் இல்லாவிட்டால் யார் முறுக்குவது என்ற கவலை அவருக்கு. "அடுத்த வெர்ஷன்ல மாத்திடுகேன் சார்" என்று இவளும் சொல்லியிருக்கிறாள். சோதனை நெருங்கிக்கொண்டிருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு உள்ளூர ஒரே பெருமை. ஆபீஸில் அதற்கு 'ஷாலினி நட்டு' என்று பெயரே வைத்தாயிற்று. ஒவ்வொரு ஒத்திகையிலும் "ஷாலினி எவிடெ?" என்று தேடுவார்கள். பெரிய பெரிய அனுபவசாலிகள் எல்லாம் ஒதுங்கி நின்று இவளுக்கு வழிவிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு இது கசக்குமா என்ன?

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. இடி மின்னல் இருந்தால் சோதனை கிடையாது. தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒரு தேதி வந்தது. அதே நாள் காலையில்தான் நாகர்கோவிலில் ஷாலினியின் அண்ணன் கல்யாணம்!

அவளுக்கு ஒரே அண்ணன். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும், மீதியை நாத்தனார்தான் போட வேண்டும். அது இவள். ஒன்றுவிட்ட அக்காக்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அண்ணன் போனில் சொல்லிவிட்டான் – "ஒனக்கு வர முடியலன்னா சொல்லு மக்ளே. ஆனா ஒன் எடத்துல வேற யாரையும் நிறுத்த மாட்டேன்." கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலை. இப்படிச் சொன்னால் யாரால் தாங்க முடியும்?

முதல் நாளே முறுக்கிவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். முடியாதாம். பாதுகாப்புக்காக இக்னைட்டர் குழாயைச் சோதனையன்று, மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் பூட்டுவார்கள். தேதியையும் மாற்ற முடியாது. சோதனை மேடை இரவல். இந்த முறை விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது. அன்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பினு சாரிடம் போய் நின்றிருக்கிறாள். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "கல்யாணத்தினு போகணும். அதில் சம்சயமில்ல. டெஸ்ட்டும் நடக்கணும். அப்போ எந்து செய்யும்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம்.

என்ன செய்வது? குழாயை மறுபடி வரைவதுதான் ஒரே வழி. அந்த நட்டை எல்லோர் கையும் போகிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கையெல்லாம் அளக்கப்பட்டது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களிடம்கூடக் காலிப்பரோடு போய் நின்றாள். அவர்களும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள்.

புதிதாக வளைத்த முதல் குழாய் அழுத்தச் சோதனையில் கசிந்தது. கல்யாணம் நெருங்கிவிட்டது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. போனில் அம்மா கேட்டால், "வருவேன்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். இரண்டாவது குழாய் கசியவில்லை. டீமிலேயே பெரிய கை பினு சாருடையதாம். கையுறையோடு அவரையே நட்டை முறுக்கச் சொன்னாள். முறுக்கினார். கழற்றினார். மறுபடி முறுக்கினார். "இனி நீ போய்க்கோ" என்றார்.

'நான் இல்லேன்னா இங்க ஒண்ணும் நடக்காது' – இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறோம்! எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மோட்டார் ரூம் சாவியை இடுப்பிலேயே வைத்திருப்பார். அவர் குருவாயூர் போனால் தெருவுக்கே தண்ணீர் கிடையாது. ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று மருமகளுக்குச் சொல்லாத மாமியார்களும் உண்டு. நாம் இதையெல்லாம் பெருமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஷாலினியின் தொழிலில் அதற்கு டிசைன் கோளாறு என்று பெயர். திருத்தும்வரை விடமாட்டார்கள்.

தம்பானூரில் ரயில் ஏறி நானும் கல்யாணத்துக்குப் போனேன். கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலக, ஷாலினி குனிந்து மீதி முடிச்சுகளைப் போட்டாள். போட்டது போதாதென்று இழுத்து வேறு பார்த்தாள். மணப்பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். கசிவு பார்க்கிற பழக்கம்... லேசில் போகுமா?

அவள் போன் என்னிடம் இருந்தது. பந்தி தொடங்கும் நேரத்தில் ஒரு வீடியோ வந்தது. மேடையில் நின்றவளைக் கீழே கூப்பிட்டுக் காட்டினேன். இன்ஜின் பற்றிக்கொண்டது. நெருப்பு நேராக, நடுங்காமல் எரிந்தது. பிறகு அணைந்தது. யாரோ கத்தினார்கள், யாரோ கைதட்டினார்கள். அவ்வளவுதான்.

அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒருத்தருகூட ஒரு போன் பண்ணலையே ஆன்ட்டி... என்னயத் தேடவே இல்ல!"

"சந்தோஷமா, வருத்தமா?" என்றேன்.

"ரெண்டுந்தான்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

அதற்குள் மேடையிலிருந்து அவள் அம்மாவின் குரல் – "எட்டி ஷாலினி! அங்க என்னத்தப் பாத்துட்டு நிக்க? நீ வந்து நின்னாத்தான் போட்டோன்னு ஒன் புது மதினி அடம் பிடிக்கா!"

போனை என் கையில் திணித்துவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

இந்த இடத்துக்கு மட்டும் வேறு கை எதுவும் பொருந்த வேண்டாம், தாயே!