அக்கா கைப்பையில் கொண்டுவந்த டப்பி

தேநீர்க் கோப்பையின் வாயளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டப்பி. டூட்டிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்திறங்கிய அக்கா, குளிர்க்கோட்டைக் கழற்றுமுன்னே அதைக் கைப்பையிலிருந்து எடுத்து, தான் படுக்கப்போகும் அறையின் அலுமாரியில் வைத்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெரியபிள்ளையான என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு உதவியாக இருபத்திரண்டு நாள் தங்க வந்திருந்தார்.

"இது என்ன, அக்கா?"

"ரேடான் அளக்கிறது. மூண்டு மாதம் வைச்சிருக்கவேணும். ரெண்டு அனுப்பினவங்கள். அத்தானுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு."

அக்காவும் அத்தானும் கோர்ன்வாலில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்துக் கருங்கல் நிலத்திலிருந்து ரேடான் என்னும் வாயு, நிறமும் மணமும் இல்லாமல், வீடுகளுக்குள் ஏறும். பல வருடம் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். கேட்டவர்களுக்கு அரசாங்கம் அளக்கும் டப்பிகளைத் தபாலில் அனுப்பியது. அளவு கூடினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று அக்கா முடிவுகட்டியிருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் ஷெல் குண்டுக்குப் பயந்து ஒரு வீட்டைவிட்டு எழும்பியவர் அவர். இது இரண்டாவது வீடு.

முடிவு நல்லதாகவே வந்தது. தொலைபேசியில் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கடிதத்தின் பிரதியோடு விளக்கக் குறிப்பையும் எனக்கு அனுப்பிவைத்தார். எதையும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பது என் வியாதி. ஒரு டப்பி வரவேற்பறையில், மற்றது படுக்கையறையில். வைத்த இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது என்றிருந்தது. அது அளப்பது வீட்டை, ஆளை அல்ல. அத்தான் பக்கத்து நகர ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று பார்க்க, சட்டையில் ஒரு வில்லையைக் குத்திக்கொண்டு ஷிப்ட் முழுவதும் திரிவார். யாழ்ப்பாணத்திலும் இங்கேயுமாக இருபது வருடம் அதைப் பார்த்த அக்கா, இதுவும் ஆளோடு போகவேண்டிய சாமான் என்று நினைத்துவிட்டார். தொண்ணூற்றொரு நாளில் இருபத்திரண்டு நாள் அது அளந்தது கருங்கல் நிலம் இல்லாத டூட்டிங்கின் காற்றை. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு!

ஆறு நாள் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை. அந்தக் காற்றை நினைத்தால் மறைக்கவும் மனமில்லை. ஏழாம் நாள் தொலைபேசியில் சொன்னேன்.

"உனக்கு ஒண்டையும் எண்ணாமல் இருக்க ஏலாதே?" என்று ரிசீவரை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அத்தான் அழைத்தார். "புது டப்பிக்கு எழுதிப் போட்டாச்சு. இந்த முறை உன்ரை அக்கா அதுக்குத் தூசியும் தட்டமாட்டாவாம்."

இரண்டாம் முறை அளவு கூடுதலாகத்தான் வந்தது. நான் பதறிப்போய் டூட்டிங்கில் அவர்களுக்கு வாடகை வீடு தேடத் தொடங்கினேன். ஒன்பது வீடு பார்த்தும்விட்டேன். அப்போது அக்காவிடமிருந்து அழைப்பு.

"தம்பி, வீடு பாக்கிறதை நிப்பாட்டு. நிலத்துக்குக் கீழை ஒரு குழி தோண்டி, குழாய் வைச்சு, ஃபான் பூட்டினால் அந்தக் காத்தை வெளியிலை இழுத்து விட்டிடுமாம். ரெண்டு நாள் வேலை. ஷெல்லுக்கும் இப்பிடி ஒரு குழாய் இருந்திருந்தால் நான் ஏன் இந்தக் குளிருக்குள்ளை வாறன்?"

அந்த ஃபானை இதுவரை மூன்று முறை மாற்றியாயிற்று. அக்கா ஒருமுறையும் வீடு மாறவில்லை.