பட்டிக்குக் கொண்டுபோன குழை

காசு கொடுத்து மாட்டெரு மூட்டை வாங்கி, இந்த வெள்ளைக்கார ஊரில், டூட்டிங் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த மடையன் நான். மிளகாய்ச்செடி நட்ட சாடிக்குத்தான். பக்கத்துச் சீட்டுப் பெண் எழும்பிப் போனதும் ஆசை தீர மணந்தேன். மூக்குக்குள் வன்னி வந்துவிட்டது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் நின்றது ஒரேயொரு பசு. ஒருநாள் புகையிலைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த அய்யா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "வன்னியில மாடு நூற்றுக்கணக்கில ஒண்டாய் மேயுதாம். பாத்திட்டு வருவம், வெளிக்கிடுங்கோ" என்றார். வெறுங்கையோடு ஓரிடத்துக்கும் போகாத அம்மா, மாடுகளுக்கென்று ஒரு கட்டுப் பூவரசங்குழை ஒடித்துக்கொண்டு லொறியில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டா.

அங்கே காட்டு விளிம்பிலிருந்து குளம் வரைக்கும் மாடுகள். ஒன்றுக்கும் கயிறில்லை. அய்யா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அம்மா குழையை நீட்ட நீட்ட, புல்லால் வயிறு நிறைந்த மாடுகள் மணந்துவிட்டு விலகிப்போயின. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பார்க்கப் பொறுக்காமல் நானே ஒரு குழையை வாங்கிச் சப்பினேன். வாய் முழுக்கக் கயர்த்தது.

மூட்டையோடு வீட்டுக்கு வந்து, இப்போது என்னோடு இருக்கும் அம்மாவிடம் கேட்டேன்: "அண்டைக்கு உங்கட மானத்தைக் காப்பாத்தினது நான்தானே?"

"ஓம், ஒரு மாடாவது திண்டதே."